பாட்டி போன் வேலை செய்யவில்லையா? கடைக்கு ஓடும் முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நான் இருக்கும் கடையில் நோட்டுப் புத்தகம் விற்கிறோம், போட்டோஸ்டாட் எடுத்துத் தருகிறோம், டாப்-அப் போட்டுத் தருகிறோம். போன் பழுது பார்ப்பது எங்கள் தொழில் இல்லை. ஆனால் எல்பில் தோட்டம் பக்கமிருந்தும் ஹீவுட் தோட்டம் பக்கமிருந்தும் டாப்-அப் போட வரும் பெரியவர்கள், காசைக் கொடுத்த கையோடு "பாப்பா, இதக் கொஞ்சம் பாரேன்" என்று பட்டன் போனை நீட்டுவார்கள். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு வரிசை பிடிபட்டுவிட்டது. வந்த போன்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவையே இல்லை. அதைத் தெரியாமல் மகனோ மருமகளோ "இது பழசு, தூக்கிப் போடுங்க" என்று தொடுதிரை போன் வாங்கிக் கொடுத்துவிட, அதை எடுக்கத் தெரியாமல் அலமாரியில் வைத்துவிட்டு யாருடனும் பேசாமல் இருக்கும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: விரலைப் பாருங்கள்

போனை உடனே கையில் வாங்காதீர்கள். வீட்டில் எப்படிச் செய்வார்களோ அப்படியே உங்கள் முன்னால் அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

ஒரு பாட்டி இடுப்பிலிருந்து முடிச்சை அவிழ்த்து, அதற்குள் இருந்த கைக்குட்டையை அவிழ்த்து, அதற்குள் ரப்பர் பேண்டு சுற்றிய பிளாஸ்டிக் பையைப் பிரித்து, ஐசி (அடையாள அட்டை) நகலுக்கும் நாலாக மடித்த ஐந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டுக்கும் நடுவிலிருந்து போனை எடுத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டிய கை. ஆள்காட்டி விரல் நுனியில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. பட்டன் அமுங்கியதா இல்லையா என்று அந்த விரலுக்குத் தெரிவதில்லை, அதனால் ஒவ்வொரு பட்டனையும் "பட்டுச்சா, பட்டுச்சா" என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே இரண்டு மூன்று வினாடி அழுத்திப் பிடித்திருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பட்டன் போனில் தட்டினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் வேறு வேலை. #-ஐப் பிடித்தால் பல போன்களில் சத்தம் போய்விடும், 1-ஐப் பிடித்தால் குரல் அஞ்சலுக்குப் போகும், 2 முதல் 9 வரை உள்ள பட்டனில் யார் எண்ணையாவது வேக டயலாகப் பதித்திருந்தால், அதைப் பிடித்ததும் அவருக்கு அழைப்பு போகும், சிவப்புப் பட்டனைப் பிடித்தால் போனே அணைந்துவிடும். பெரியவர்கள் கொண்டுவரும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த நீண்ட அழுத்தம்தான் காரணம். கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: காய்ந்த பழைய பல் பிரஷ், பென்சில் அழிக்கும் ரப்பர், மரப் பல்குச்சி, நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு சார்ஜர், உங்கள் சொந்தப் போன். இவ்வளவுதான்.

"மணியே அடிக்க மாட்டேங்குது"

உங்கள் போனிலிருந்து அவர்கள் எண்ணுக்கு அழையுங்கள், பெரியவரின் போன் மேசை மேல் இருக்கட்டும்.

திரை வெளிச்சம் போடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால்: # பட்டனை இரண்டு வினாடி பிடித்துப் பாருங்கள். "பொது" நிலைக்கு வந்துவிட்டால் முடிந்தது. வராவிட்டால் மெனுவில் புரொபைல் என்று இருப்பதைத் திறந்து பொது நிலையைத் தேர்ந்தெடுங்கள், மணிச் சத்தத்தைக் கடைசிக் கோடு வரை ஏற்றுங்கள். மென்மையான இசையை வைக்காதீர்கள். பழைய டெலிபோன் மாதிரி "ட்ரிங் ட்ரிங்" என்று கரகரப்பாக அடிப்பதுதான் வயதான காதுக்கு எட்டும், குசினியில் மிளகாய் அரைக்கும்போதும் எட்டும்.

சத்தம் ஏற்றியும் அடிக்கவில்லை, திரையின் மேல் ஓரத்தில் ஹெட்போன் படம் தெரிகிறது என்றால்: காதுக் கம்பி செருகும் ஓட்டையில் அழுக்கோ ஈரமோ இருக்கிறது. கம்பி மாட்டியிருப்பதாகப் போன் நினைத்துக்கொண்டு சத்தத்தை அங்கே அனுப்புகிறது. ஒரு கம்பியை நாலைந்து முறை செருகி உருவுங்கள், பிரஷால் துடையுங்கள், போனை அணைத்துத் திறங்கள். பழுது கடையில் ஸ்பீக்கர் மாற்றச் சொன்னதாக இரண்டு தாத்தாக்கள் என்னிடம் வந்தார்கள். இரண்டு போன்களிலும் இந்த ஓட்டைதான் குற்றவாளி.

திரையில் வெளிச்சமே வரவில்லை, ஆனால் உங்கள் பக்கம் மணி போகிறது, அல்லது வேறு யாரோ எடுக்கிறார்கள் என்றால்: அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம். ##002# என்று தட்டிப் பச்சைப் பட்டனை அழுத்தினால் எல்லாத் திருப்பிவிடலும் ரத்தாகும். பிறகு மறுபடி அழைத்துப் பாருங்கள்.

நீங்கள் அழைத்தால் அடிக்கிறது, மகன் அழைத்தால்தான் அடிப்பதில்லை என்கிறார்களா? தடுப்புப் பட்டியல் என்று மெனுவில் இருந்தால் திறந்து பாருங்கள். மோசடிக்காரனைத் தடுக்கப் போய் மகனைத் தடுத்துவைத்த கதை உண்டு. அதிலும் இல்லை என்றால் வந்த அழைப்புகளின் பட்டியலைப் பாருங்கள். தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தால் மணி அடித்திருக்கிறது, அவர் காதில் விழவில்லை. பட்டியலில் மகன் பெயரே இல்லை என்றால், கொஞ்சம் பொறுமையாக இருங்கள். போன் கெட்டுவிட்டது என்று நம்புவதுதான் சில பாட்டிகளுக்கு ஆறுதல். "யாருமே கூப்பிடலையே பாட்டி" என்று முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். நான் அந்த மகனின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பாட்டி போன பிறகு கடைப் போனிலிருந்து அழைத்து, "உங்கம்மா இன்னைக்குக் கடைக்கு வந்தாங்க, போன் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்வேன். பெரும்பாலும் அன்று சாயந்திரமே மணி அடித்துவிடும்.

அழைப்பு வருகிறது, சத்தம் முழுசாக ஏற்றியிருக்கிறது, ஹெட்போன் படம் இல்லை, பின்பக்க ஓட்டைகளைப் பிரஷால் துடைத்தாயிற்று, அப்படியும் அடிக்கவில்லை என்றால்தான் ஸ்பீக்கர் போய்விட்டது. பழுது கடை.

"மணி அடிக்குது, எடுத்தா பேச்சு கேக்கல"

பேசும்போது கேட்கும் சத்தம் வேறு, மணிச் சத்தம் வேறு. பேச்சுச் சத்தத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் கூட்ட முடியும். இது தெரியாமல் மெனுவைப் புரட்டி அலுத்துப்போகிறவர்கள் அதிகம். உங்கள் போனிலிருந்து அழைத்து, அவரை எடுக்கச் சொல்லி, பேச்சு ஓடும்போதே நடுவில் உள்ள அம்புப் பட்டனை மேலேயோ வலப்பக்கமோ தட்டுங்கள். சத்தக் கோடு ஏறுவது திரையில் தெரியும்.

ஏறியும் சன்னமாக இருந்தால் காது வைக்கும் சின்ன ஓட்டையைப் பாருங்கள். முகப் பவுடர், தைலம், தலை எண்ணெய், வேர்வை எல்லாம் சேர்ந்து அந்தச் சல்லடையை மெழுகு மாதிரி அடைத்துவிடும். காய்ந்த பிரஷை வைத்து, போனைக் கவிழ்த்துப் பிடித்துத் தேயுங்கள், அழுக்கு உள்ளே போகாமல் கீழே விழட்டும். ஊசி வைத்துக் குத்தவே கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய தாள் கிழிந்துவிடும். புதுப் போன் என்றால் திரை மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று பாருங்கள். "அழுக்காயிடும்" என்று வருஷக்கணக்கில் உரிக்காமல் வைத்திருப்பார்கள், சில போன்களில் அந்தத் தாள் காது ஓட்டையையும் சேர்த்து மூடியிருக்கும்.

அப்புறம், போனை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். காது ஓட்டை போனின் மேல் நுனியில் இருக்கிறது. பலர் போனின் நடுப்பகுதியைக் காதில் வைப்பார்கள். அரை அங்குலம் இறக்கிவைத்ததும் முகம் மலர்ந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் ஒரு சின்னச் சோதனை. ஒரு ஆண் குரலை அழைத்துப் பேசச் சொல்லுங்கள், பிறகு ஒரு பெண்ணையோ குழந்தையையோ பேசச் சொல்லுங்கள். "மகன் பேசுறது கேக்குது, பேத்தி பேசுறது புரியல" என்றால் கோளாறு போனில் இல்லை, காதில். வயதாகும்போது கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்க் காதைக் காட்டுங்கள். சில சமயம் வெறும் குறும்பி அடைப்பாகவே இருக்கும். ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்காமல் போயிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

காதுக் கருவி போட்டிருப்பவர்களுக்குக் கீச் என்று விசில் அடித்தால் போனைக் காதோடு ஒட்டாமல் கொஞ்சம் விலக்கி, கருவியின் மைக் இருக்கும் பக்கமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அல்லது ஸ்பீக்கரில் போடக் கற்றுக்கொடுங்கள்.

"நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கலையாம்"

பேசும் ஓட்டை போனின் அடிப்பக்கத்தில் ஊசித் துளை அளவில் இருக்கும். பெரும்பாலும் அதைச் சுண்டு விரலோ, உறையோ, செலோடேப்போ மூடியிருக்கும். உறையைக் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். சரியானால் உறையில் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். பேசும்போது தாடையோ கன்னமோ பட்டு "மியூட்" விழுந்திருக்கிறதா என்று திரையையும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் மைக் மாற்ற வேண்டும், அது கடை வேலை.

"லைன் இல்ல"

தோட்டப்புறத்தில் அதிகம் வரும் குறை இது. காரணங்களும் அதிகம், அதனால் வரிசை தப்பாமல் பாருங்கள்.

முதலில் இடம். போனோடு வெளியே வந்து நில்லுங்கள். தோட்டத்து லயத்து வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே ஒரு சிக்னல் கோடும், கோயில் மேட்டில் நாலு கோடும் இருந்தால் போனில் ஒன்றுமில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) வளர்ந்து சூழ்ந்த பள்ளத்தில் சிக்னல் குறைவது சகஜம். வீட்டுக்குள்ளேயே எந்த ஜன்னலோரம் கோடு அதிகம் என்று நடந்து பார்த்து, அங்கே ஒரு ஆணி அடித்துப் போனைப் பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். பத்து காசு செலவில்லாத தீர்வு, மணி அடிப்பதும் நன்றாகக் கேட்கும்.

வெளியே வந்தும் கோடே இல்லை என்றால் திரையில் விமானப் படம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை அணையுங்கள். இல்லை என்றால் போனை அணைத்துத் திறங்கள்.

"சிம் இல்லை", "சிம்மைச் செருகவும்" என்று வந்தால்: பேட்டரியைக் கழற்றி சிம்மை வெளியே எடுங்கள். அதன் பொன்னிறத் தகட்டை அழிக்கும் ரப்பரால் மெதுவாக ஒரு தடவை தேய்த்து, ரப்பர் துகளை ஊதிவிட்டு மறுபடி போடுங்கள். இந்த ஈரக் காற்றில் தகட்டில் மங்கல் படிவது சாதாரணம். இங்கே இன்னொன்றும் கவனியுங்கள். இப்போது வரும் சின்ன நானோ சிம்மைப் பழைய போனில் போட ஒரு பிளாஸ்டிக் சட்டம் தருவார்கள். போன் கீழே விழும்போதெல்லாம் சிம் அந்தச் சட்டத்திலிருந்து மயிரிழை விலகிவிடும், லைன் போய்விடும். சட்டத்தின் பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டிச் சிம்மை இறுக்குங்கள். சட்டத்தை மட்டும் வெறுமையாகச் செருகி இழுக்காதீர்கள், உள்ளே இருக்கும் கம்பிகள் மாட்டி ஒடிந்துவிடும், அப்படி ஒடிந்தால் போனையே மாற்றும்படி ஆகலாம்.

"அவசர அழைப்பு மட்டும்" என்று வந்தால்: நெட்வொர்க் தேர்வு "தானாக" என்று இருக்கிறதா பாருங்கள். கைவிரல் பட்டு வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இப்படித்தான் வரும். கூடவே நெட்வொர்க் வகையையும் பாருங்கள். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 கடைசியோடு மூடிவிட்டார்கள். இடைக்காலத்துப் போன் சிலவற்றில் "3ஜி மட்டும்" என்று வைத்திருந்தால் அது இல்லாத கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். அதை "தானாக" அல்லது 2ஜி என்று மாற்றினால் உயிர் வந்துவிடும்.

அதுவும் சரியாக இருந்தால் சிம்மை எடுத்து உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். உங்கள் போனில் வேலை செய்தால் அவர் போனின் குறை, பழுது கடைக்கு. உங்கள் போனிலும் வேலை செய்யவில்லை என்றால் சிம்மோ எண்ணோ செத்துவிட்டது. நாள் (எண் செல்லுபடியாகும் காலம்) முடிந்து ரொம்ப மாதம் டாப்-அப் போடாமல் விட்டால் எண்ணை எடுத்துவிடுவார்கள். அப்போது நீங்கள் எதுவும் செய்ய முடியாது, அந்த நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போக வேண்டும். எண் யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவரே ஐசியோடு போக வேண்டும். தாத்தா பாட்டிகளின் எண் எப்போதோ பேரன் பெயரிலோ, இறந்துபோன கணவர் பெயரிலோ எடுத்ததாக இருக்கும், கவுண்டரில் போய் நிற்கும்போதுதான் தெரியும். எண் நன்றாக ஓடும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் பெயருக்கு மாற்றி வையுங்கள். தயவு செய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஈப்போ வரை வெறுங்கையோடு போய் வந்த ஒரு பாட்டி என் கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். இருபது வருஷமாக உறவுக்காரர் எல்லாரிடமும் இருந்த ஒரே எண் அது.

"நேத்துதான் பத்து வெள்ளி போட்டேன், கிரெடிட் இல்லைங்குது"

இரண்டு விதம் இருக்கிறது. முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்: பணம் இல்லையா, நாள் இல்லையா?

நாள் இல்லை என்றால்: முன்கட்டண எண்ணில் பணமும் நாளும் தனித்தனி. பொதுவாகப் பத்து வெள்ளி போட்டால் பத்து நாள்தான். ஏழு வெள்ளி மிச்சம் இருந்தாலும் பதினோராம் நாள் கூப்பிட முடியாது. பெரியவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. வருஷம் முழுக்க நாள் தரும் திட்டமோ, நாளை மட்டும் நீட்டித்து வாங்கும் வசதியோ அந்த நிறுவனத்தில் இருக்கிறதா என்று டாப்-அப் கடையில் கேளுங்கள். மாதம் இரண்டு முறை மட்டும் பேசுகிறவருக்கு அதுதான் சரி.

பணமே போகிறது என்றால் மூன்று இடம் பாருங்கள். ஒன்று, போன அழைப்புகளின் பட்டியல். அதில் ஒரே எண் நாலைந்து தடவை சில வினாடிகளுக்குப் போயிருந்தால் நீண்ட அழுத்தம்தான், குரல் அஞ்சலோ வேக டயலோ. வேக டயலை மெனுவில் அணைத்துவிடுங்கள், பட்டன் பூட்டு தானாக விழும்படி வையுங்கள். இரண்டு, செய்திப் பெட்டி. ஐந்து இலக்கக் குறுகிய எண்ணிலிருந்து ஜோசியம், பாட்டு, பரிசு என்று தினமும் செய்தி வந்துகொண்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் காசு பிடிக்கலாம். அதே எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஸ்டாப் என்று பதில் அனுப்புங்கள். அப்படியும் பிடித்தால் நிறுவனத்தை அழைத்து அந்த மாதிரிச் சேவை அத்தனையும் தடுக்கச் சொல்லுங்கள். மூன்று, இணையம். பட்டன் போனிலும் இப்போது இணையம் இருக்கிறது, பட்டன் தவறிப் பட்டால் திறந்துகொள்ளும். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும். "போலீஸ் பேசுறோம், கோர்ட்டுல கேஸ் இருக்கு, பேங்கு எண் சொல்லுங்க" என்று யாராவது பேசி, பெரியவர் பயந்துபோய்ப் பணம் அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், திட்டாதீர்கள், நேரத்தையும் வீணாக்காதீர்கள். உடனே 997-ஐ அழையுங்கள், அது தேசிய மோசடி உதவி மையம். கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள், போலீஸ் புகாரும் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் பிடிப்பதுதான் வழி.

"சார்ஜ் ஏறல" / "ஏறுது, நிக்கல"

ஏறவில்லை என்றால்: சுவரில் இருக்கும் பிளக்குக்குச் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொல்வதற்காகக் கோபப்படாதீர்கள், மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் யாரோ அணைத்திருப்பார்கள். அடுத்து உங்கள் நல்ல சார்ஜரை மாட்டிப் பாருங்கள். அதிலும் ஏறவில்லை என்றால் போனை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஓட்டையில் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள். இடுப்புச் சேலை நூலும் சட்டைப் பஞ்சும் சேர்ந்து அடைத்திருக்கும். பஞ்சு உருண்டையாக வெளியே வரும். பேட்டரியின் தகட்டையும் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள்.

ஏறுகிறது, ஒரு நாள்கூட நிற்கவில்லை என்றால்: டார்ச் எரிகிறதா பாருங்கள். பகல் வெளிச்சத்தில் அது எரிவது யாருக்கும் தெரியாது, பையில் ராத்திரி முழுக்க எரிந்திருக்கும். அடுத்து சிக்னல், கோடு குறைந்த வீட்டில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும், ஜன்னலோர ஆணி இதற்கும் மருந்து. அப்புறம் பேட்டரி. அதைக் கழற்றித் தட்டையான மேசை மேல் வைத்து ஒரு சுண்டு சுண்டுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் வயிறு உப்பிவிட்டது. அதை மறுபடி போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையில் போட்டுக் கொளுத்தாதீர்கள், புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள். வாங்கும்போது பழைய பேட்டரியைக் கையோடு கொண்டுபோய் அதன் மேல் உள்ள எழுத்தும் எண்ணும் அப்படியே ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மலிவுப் பேட்டரியில் போலி அதிகம்.

புதுப் பேட்டரியும் நல்ல சார்ஜரும் போட்டும் ஏறவில்லை என்றால் சார்ஜ் ஓட்டை மாற்ற வேண்டும். கூலியைக் கேளுங்கள். புதுப் பட்டன் போனே நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குள் கிடைக்கும்போது, பாதி விலைக்கு மேல் பழுதுக்குக் கேட்டால் கொடுக்க வேண்டாம். அதே மாதிரி, அதே இடத்தில் பட்டன் உள்ள புதுப் போனை வாங்குங்கள். இடி இடிக்கும்போது சார்ஜரைப் பிடுங்கி வைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.

"பூட்டிக்கிச்சு"

திரையில் பூட்டுப் படம் மட்டும் இருந்தால் திரைக்குக் கீழே உள்ள நடுப் பட்டனை அல்லது இடப்பக்கப் பட்டனைத் தட்டி, உடனே * தட்டுங்கள். பெரியவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் நேரம் அதிகமாகிவிடுவதால் திறக்காது. ஒன்று, இரண்டு என்று தாளம் மாதிரிச் சொல்லிக்கொடுங்கள். அப்படியும் முடியாதவர்களுக்கு மேல் மூடி மடக்கும் போன்தான் நல்லது. திறந்தால் பேசலாம், மூடினால் முடிந்தது, பூட்டே தேவையில்லை.

"பின் எண் தட்டவும்" என்று கேட்டால் நிறுத்துங்கள். தெரியாமல் மூன்று முறை தட்டினால் சிம் பூட்டிக்கொண்டு எட்டு இலக்க பி.யூ.கே. எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாகத் தட்டினால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். யாரும் ஊகித்து விளையாட வேண்டாம். சிம் வந்த அட்டையைத் தேடுங்கள், இல்லாவிட்டால் ஐசியோடு சேவை மையம். பின் எண் கேட்பதை மெனுவில் நிறுத்திவைத்தால் இந்தத் தலைவலி மறுபடி வராது.

"எழுத்தெல்லாம் மாறிப்போச்சு"

மெனு சீனத்துக்கோ வேறு மொழிக்கோ போய்விட்டால் ஊகித்து அழுத்தாதீர்கள், இன்னும் ஆழமாகப் போய்விடுவீர்கள். அதே மாடல் போன் யாரிடமாவது இருந்தால் பக்கத்தில் வைத்து, அதில் மொழி எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று எண்ணி, இதிலும் அத்தனை முறை இறக்குங்கள். படங்கள் மாறாது, பற்சக்கரப் படம்தான் அமைப்பு.

நடுராத்திரியில் அலாரம் அடிக்கிறது என்றால் பேட்டரியைக் கழற்றியபோது நேரம் அழிந்திருக்கும். தேதியையும் நேரத்தையும் சரிசெய்தால் போதும். குறுஞ்செய்தி வருவதில்லை, கடிதப் படம் மின்னுகிறது என்றால் பெட்டி நிறைந்துவிட்டது, பழைய விளம்பரச் செய்திகளை அழியுங்கள். ஆனால் கேட்டுவிட்டு அழியுங்கள். இறந்துபோன தம்பி அனுப்பிய தீபாவளி வாழ்த்தை ஆறு வருஷமாக வைத்திருந்த ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும்.

"தண்ணியில விழுந்திடுச்சு"

அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி, சிம் இரண்டையும் உடனே கழற்றி, துணியால் ஒற்றி, காற்றாடிக்கு எதிரே இரண்டு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிடு ஓட்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். மழைத் தண்ணீர் என்றால் பெரும்பாலும் பிழைத்துவிடும். டீயோ குழம்போ என்றால் காயும் வரை காத்திருக்காமல் அன்றே கடைக்குக் கொடுங்கள். சர்க்கரையும் உப்பும் உள்ளே காய்ந்தால் பட்டன் எழாது.

"சும்மா சும்மா சங்கு ஊதுது, எல்லாரும் ஓடி வர்றாங்க"

பின்பக்கம் ஆபத்துப் பட்டன் உள்ள போன்களில் இது நடக்கும். அதை அழுத்தினால் சங்கு (சைரன்) ஊதி, பட்டியலில் வைத்திருக்கும் எண்களுக்கு அழைப்பு போகும். படுக்கும்போதோ இடுப்பில் செருகும்போதோ அழுந்திவிடும். முற்றாக அணைத்துவிடாதீர்கள், ஒரு நாள் குளியலறையில் விழுந்தால் அதுதான் துணை. சங்குச் சத்தத்தை மட்டும் அணைத்து, அழைப்பு போவதை வைத்துக்கொள்ளும் வசதி மெனுவில் இருக்கிறதா பாருங்கள். ஓரம் உயர்ந்த உறை போட்டாலும் தவறிப் படுவது குறையும். அந்தப் பட்டியலில் முதல் எண் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுடையதாக இருக்க வேண்டாம், பக்கத்து வீட்டு ஆளுடையதாக இருக்கட்டும். மகன் எண்ணைச் சேர்ப்பதாக இருந்தால் முன்னால் +65 போட்டுச் சேமியுங்கள், இல்லாவிட்டால் அழைப்பு போகவே போகாது.

கடைசியாக ஒரு தாள். அதில் அவருடைய சொந்த எண், யார் பெயரில் பதிவு, நாள் முடியும் தேதி, மகன், மகள், பக்கத்து வீட்டு எண்கள், 999 (அவசர உதவி), 997, பிறகு *#06# தட்டினால் வரும் போனின் 15 இலக்க அடையாள எண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். போனோடு சேர்த்து வைக்காதீர்கள், போன் தொலைந்தால் தாளும் தொலையும். என்னிடம் வருகிறவர்கள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார்கள், அங்கே வைத்தால் யாரும் தூக்கிப் போடுவதில்லை.